ஒரு மணிச் செய்தியில் இன்னொருத்தி

நவம்பர் 3, திங்கள்

இன்று மதியம் ஒரு மணிக்கு நான் அடுப்படியில் ரசம் தாளித்துக்கொண்டிருந்தேன். அதே ஒரு மணிக்கு டிவியிலும் இருந்தேன்.

ஒன்பது வருஷமாக எங்கள் சேனலின் ஒரு மணிச் செய்தியில், திரையின் வலது மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நின்று, காது கேளாதவர்களுக்காகச் செய்தியைச் சைகையில் சொல்லிவந்தவள் நான். இன்று முதல் அந்தக் கட்டத்தில் நிற்பது கம்ப்யூட்டர் செய்த பொம்மை. என் முகம், என் கை, என் உயரம். ஜூன் மாதம் மூன்று நாள் பச்சைத் துணிக்கு முன்னால் நிற்கவைத்து, ஆயிரத்து இருநூறு சைகைகளைப் படம்பிடித்தார்கள். ஆவணத்துக்கு என்றார்கள். நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். படிக்காமல் போட்டேன் என்று சொல்ல முடியாது. பாதி படித்தேன்.

பெயர்கூட வைத்திருக்கிறார்கள்: சைகைச் செல்வி. என் பெயர் சாரு, கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அவள் செல்வி. என் மோவாயில் இருக்கும் மச்சத்தையும் எடுத்துவிட்டார்கள்.

ரசம் நன்றாக வந்தது. பகலில் வீட்டில் இருப்பது எவ்வளவு வசதி. எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை என்பதை எழுதிவைக்கத்தான் இந்த நோட்டை ஆரம்பித்திருக்கிறேன்.

நவம்பர் 4, செவ்வாய்

பரணைச் சுத்தம் செய்தேன். ஒரு மணிக்கு டிவி போடவில்லை. ஒன்று பத்துக்குப் போட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

சாயங்காலம் அமுதினி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மதியச் செய்தியை யூட்யூபில் போடச் சொன்னாள். ஒன்பது வயதுக்கு எதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம். "சரியா நாலு செகண்டுக்கு ஒரு தடவை கண்ண மூடித் தொறக்கறாம்மா. நீ அப்படி இல்ல. நீ பொய் சொல்லும்போது நெறைய மூடுவ" என்றாள்.

வேலையிலிருந்து வந்த என் கணவர் வேதகிரி, ஷூவைக்கூடக் கழற்றாமல் டிவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மெட்ரோ ரயில் பணிமனையில் வேலை. எதைப் பார்த்தாலும் எங்கே நட்டு லூசாக இருக்கிறது என்றுதான் தேடுவார்.

"இவ திட்ட மாட்டா போலருக்கே" என்றார்.

"சமைக்கவும் மாட்டா" என்றேன்.

நாங்கள் மூவரும் சிரித்தோம். அப்போது செல்வி 'மழை' என்று காட்டினாள். சோபாவில் உட்கார்ந்திருந்த என் கை தானாக எழுந்து அவளோடு சேர்ந்து காட்டியது. யாரைப் பார்த்து யார் செய்கிறோம் என்று ஒரு நொடி தெரியவில்லை. உடம்பு சில்லிட்டுப் போனது. ஃபேன் வேகமாக ஓடியிருக்க வேண்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைதோறும் கடலூருக்கு வீடியோ கால். என் அப்பா தணிகாசலம், அம்மா பூங்காவனம், இருவருக்குமே பிறவியிலிருந்து காது கேட்காது, பேச்சும் வராது. எனக்கு இரண்டும் உண்டு. ஆனால் பேச்சுக்கு முந்திக் கை வந்துவிட்டதாம். அவர்கள் கையால் சொல்வதை இங்கே கடலூர்ப் பேச்சாகவே எழுதுகிறேன். என் மனதுக்குள் அப்படித்தான் கேட்கிறது.

"டிவியில நிக்கறது நீ இல்ல. மொத நாளே எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்றார் அப்பா.

எப்படி என்று கேட்டேன்.

"லாரி மோதி மூணு பேர் செத்துட்டாங்கன்னு சிரிச்சிக்கிட்டே சொல்றா. நீ எங்க வயித்துல பொறந்தவ, அப்படிச் சிரிக்க மாட்ட."

அம்மா அவரைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். "சிரிச்சா சிரிச்சிட்டுப் போறா. அவ தெனமும் ஒரு மணிக்கு டான்னு வர்றா. நீ ஞாயித்துக்கெழமை மட்டுந்தான் வர்ற."

நெட் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தீபாவளிக்குப் போக முடியவில்லை. பஸ்ஸில் கூட்டம். கடைசியாகப் போனது சித்திரையில்.

நவம்பர் 12, புதன்

காய்கறிக் கடையில் ஒரு அம்மா, "உங்கள டிவியில பாக்கறேங்க. இப்பதான் ரொம்ப லட்சணமா இருக்கீங்க, மொகம் பளபளன்னு" என்றார். நன்றி சொல்லிவிட்டுக் கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு வந்தேன். யார் சார்பில் யார் நன்றி சொன்னது என்று வழியெல்லாம் யோசனை. கத்திரிக்காயில் பாதி சொத்தை.

நவம்பர் 15, சனி

கடலூர் காது கேளாதோர் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் ஒரு வீடியோ. அப்பாதான் சங்கத் தலைவர். கரும்பச்சைச் சால்வையைச் சேலை மாதிரி போர்த்திக்கொண்டு, தலையில் மல்லிகைச் சரம் வைத்து, அறுபத்தெட்டு வயதில் சைகைச் செல்வியாக நிற்கிறார். முதுகு விறைப்பு, உதட்டில் அசையாத சிரிப்பு. "பூகம்பம். நாலாயிரம் வீடு இடிஞ்சுது. அடுத்து விளையாட்டு" என்று அதே சிரிப்போடு காட்டுகிறார். சுற்றிலும் இருபது பேர் சத்தம் வராமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

அதற்குப் பதிலாகத் திருச்சிக்காரர்கள் ஒன்று அனுப்பியிருக்கிறார்கள்: செல்வியின் கைகளை வெட்டி ஒட்டி, ஒரு குத்துப் பாட்டுக்கு ஆடவிட்டிருக்கிறார்கள். வேலூரிலிருந்து இன்னொன்று: செல்விக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். மாப்பிள்ளை ஒரு ரோபோ. பெண்ணுக்குப் பாடத் தெரியுமா என்று ரோபோ சைகையில் கேட்கிறது.

மாறி மாறி ஏழு தடவை பார்த்தேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே பார்த்ததால் கண் ரொம்ப எரிந்தது.

நவம்பர் 18, செவ்வாய்

சேனலுக்குப் போய் ரவூஃப் சாரைப் பார்த்தேன். செய்திப் பிரிவின் பொறுப்பாளர். நல்ல மனிதர். ஒரே சமயத்தில் இரண்டு போனில் பேசக்கூடியவர்.

"சார், ரெண்டு விஷயம். செல்வியோட மொகம் அசையறதே இல்ல. எங்க மொழியில பாதி அர்த்தம் மொகத்துலதான் இருக்கு. புருவம் ஏறினாக் கேள்வி, தலை ஆடினா இல்லை. அடுத்தது, கீழ ஓடற எழுத்துப் பட்டையைப் பெருசாக்கிட்டீங்க. நெஞ்சுக்குக் கிட்டக் காட்டற சைகையெல்லாம் அதுக்குப் பின்னால போயிடுது."

"யாராவது கம்ப்ளைண்ட் பண்ணாங்களா சாரு?"

"அவங்க எப்படி சார் பண்ணுவாங்க? உங்க நம்பருக்குப் போன் பண்ணித்தான் சொல்லணும்."

அவர் ஒரு போனைக் கீழே வைத்தார். "நியாயம்தான். ரெண்டு வாரம் டைம் குடுங்க, பேசறேன்" என்றார். அதற்குள் இன்னொரு போன் அடித்தது.

திரும்பும்போது ஸ்டுடியோ வாசலைத் தாண்டினேன். நான் நிற்கும் இடத்தில் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். இடம் வீணாகாமல் பயன்படுவது நல்லதுதான்.

நவம்பர் 20, வியாழன்

இட்லி மாவு பொங்கித் தரையெல்லாம் வழிந்துவிட்டது.

நவம்பர் 23, ஞாயிறு

வீடியோ காலில் அம்மா வரவில்லை. "கிரைண்டர்ல மாவு ஓடுது, கிட்ட நிக்கறா" என்றார் அப்பா. அங்கே கிரைண்டர் ஓடவில்லை. எனக்குக் காது கேட்கும் என்பதை அப்பா அடிக்கடி மறந்துவிடுகிறார்.

நவம்பர் 27, வியாழன்

வங்கக் கடலில் புயல். நாளை சாயங்காலம் கடலூர்ப் பக்கம் கரையைக் கடக்குமாம். வேதகிரி, "காலைல முதல் பஸ்ல போய் ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்துடலாமா?" என்று கேட்டார். அவர்கள் வர மாட்டார்கள், ஓட்டு வீடும் இல்லை, தளம் போட்ட வீடு, பயமில்லை என்றேன்.

"இல்ல, நான் போய்க் கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டேன். உன்னப் போகச் சொல்லல" என்றார் மெதுவாக.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை. மெழுகுவர்த்தி வாங்கி வைத்தேன்.

நவம்பர் 28, வெள்ளி

எல்லாம் முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். வரிசையாக எழுதுகிறேன்.

அமுதினிக்குப் பள்ளி விடுமுறை. மதியம் ஒரு மணிக்கு இருவரும் டிவி முன்னால். செய்தி வாசித்தவர் சொன்னது இது: "புயலின் மையம் கடக்கும்போது காற்று திடீரென்று நின்றுவிடும். அப்போது மக்கள் வெளியே வர வேண்டாம். சிறிது நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று மீண்டும் வேகமாக வீசும்."

மூலையில் செல்வி காட்டினாள்: காற்று, நிற்கும், மக்கள், வெளியே, வர. 'வேண்டாம்' என்ற கை நெஞ்சுக்கு நேரே ஆட வேண்டியது. அது எழுத்துப் பட்டைக்குப் பின்னால் போய்விட்டது. தலை ஆடவில்லை. முகத்தில் அதே சிரிப்பு.

"அம்மா, அவ வெளிய போகச் சொல்றா" என்றாள் அமுதினி.

ரவூஃப் சாருக்குப் போன் போட்டேன். இரண்டு எண்ணும் பிஸி. சாதம் வைத்த குக்கர் ஒரு பக்கம். நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, அமுதினி கையில் போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னேன். "காற்று நிக்கும். நம்பாதீங்க. வெளிய வராதீங்க. அது திரும்பி வரும், இந்தப் பக்கத்துலேருந்து வரும்." கை, தலை, புருவம், வாய், எல்லாவற்றாலும் சொன்னேன். நடுவில் குக்கர் மூன்று தடவை கத்தியது. பார்ப்பவர்களுக்கு அது கேட்கப்போவதில்லை. எட்டுச் சங்கக் குழுக்களுக்கு அனுப்பினேன். அப்பாவுக்குத் தனியாக அனுப்பினேன்.

ஒன்று முப்பத்தைந்துக்கு எல்லாக் குழுவிலும் பதில் வர ஆரம்பித்தது. நாகப்பட்டினம், காரைக்கால், புதுச்சேரி. கடலூரிலிருந்து மட்டும் ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு அனுப்பியதில் ஒரே ஒரு டிக்.

மூன்று மணிக்கும் ஒரே டிக். மூன்றரைக்கும் அதே.

கடலூரில் பக்கத்து வீட்டுச் செங்கேணி அக்காவுக்கு முப்பது தடவையாவது அடித்திருப்பேன். நாலு மணிக்கு லைன் கிடைத்தது.

"பாப்பா, நெட்டு ஒரு மணிக்கே போயிடுச்சு, கரண்டு ரெண்டு மணிக்கு. மரமெல்லாம் விழுந்து கெடக்குது. இப்ப காத்து பட்டுனு நின்னுபோச்சு. சாமி புண்ணியம், போயிடுச்சுன்னு நெனக்கிறேன்."

"போகல அக்கா. திரும்ப வரும். அப்பா எங்க?"

"வாசல்ல நிக்கறாரு. சைக்கிள எடுத்துட்டாரு. சங்கத்துக்காரங்க யாரையோ பாக்கப் போறாரு போலருக்குது."

"புடிச்சு நிறுத்துங்க அக்கா. வேண்டாம்னு கையால காட்டுங்க."

"எனக்கு அந்த பாஷ வராதே பாப்பா. முப்பது வருசமாப் பக்கத்துல இருக்கறன், சாப்டாச்சான்னு மட்டுந்தான் கேக்கத் தெரியும்."

"உள்ளங்கைய அவர் பக்கம் காட்டி, நெஞ்சுக்கு நேரா இப்படி அப்படி ஆட்டுங்க. கூடவே தலையையும் ஆட்டுங்க. மூஞ்சியக் கோவமா வெச்சுக்கங்க."

"மூஞ்சி அப்படித்தான் இருக்குது, அதுக்குத் தனியா ஒண்ணும் பண்ண வாணாம்" என்றார். பிறகு போனை எங்கேயோ வைத்த சத்தம். சைக்கிள் மணி. ஏதோ இரும்பு விழுந்தது. ஒன்றுமே கேட்காத ஒரு நிமிஷம். காது கேட்கிறவளாகப் பிறந்ததற்கு நான் இவ்வளவு பயந்ததில்லை.

"நிறுத்திட்டன்" என்றார் மூச்சிரைக்க. "சைக்கிளு கேரியர்ல ஏறி உக்காந்துட்டன். நவுர முடியல அவரால. கையையும் ஆட்டிட்டன். வானத்தக் காட்டி, நெஞ்சுல அடிச்சிக்கிட்டன். உள்ள போயிட்டாரு. ஒங்கம்மா என்னப் பாத்து சிரிக்குது."

பதினைந்து நிமிஷத்தில் காற்று திரும்பியது. லைன் அறுந்தது.

ஐந்தே காலுக்கு ரவூஃப் சார். "சாரு, உங்க வீடியோ எனக்கே அஞ்சு பேர் அனுப்பிட்டாங்க. ஒரு மணிச் செய்தியப் பாத்தேன். தப்பு எங்க மேலதான். அத அப்படியே போடப்போறேன், முழு ஸ்கிரீன்ல. போடலாமா?"

"நைட்டியில இருக்கேன் சார்."

"புயல் நேரத்துல யாரும்மா அதப் பாக்கப்போறா" என்றார்.

ஐந்தரைக்கு என்னை டிவியில் பார்த்தேன். தலை கலைந்து, துண்டு நழுவி, மச்சத்தோடு. பின்னால் குக்கர். அசிங்கமாகத்தான் இருந்தேன். வேலையிலிருந்து வந்திருந்த வேதகிரி குக்கரைத் திறந்து, அடிப்பிடித்த சாதத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

நவம்பர் 29, சனி

காலை ஆறு ஐம்பதுக்கு இரண்டாவது டிக் விழுந்தது. அப்பாவிடமிருந்து ஒரு கட்டை விரல்.

அதற்கப்புறம் தூங்கிவிட்டேன். மதியம் வரை யாரும் எழுப்பவில்லை.

டிசம்பர் 1, திங்கள், கடலூர்

பஸ் விட்டதும் கிளம்பி வந்துவிட்டேன். கூட்டம்தான். நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. முருங்கை மரம் விழுந்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டியின் மூடி தெருமுனையில் கிடந்தது. கரண்ட் இன்னும் வரவில்லை. செங்கேணி அக்கா என்னைப் பார்த்ததும் கையை நெஞ்சுக்கு நேராக ஆட்டிக் காண்பித்தார். தெருப் பிள்ளைகள் எல்லாருமே இப்போது அப்படித்தான் ஆட்டுகிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னாலும் அதே சைகை.

அம்மா வாசலில் என்னைப் பிடித்து நிறுத்தி, மோவாயைத் திருப்பி மச்சத்தைத் தேய்த்துப் பார்த்தாள்.

"ஒரிஜினல்தான்" என்று அப்பாவுக்குக் காட்டினாள்.

முருங்கைக் கீரை மூட்டை மூட்டையாக இருக்கிறது. இன்று பொரியல், அடை, கூட்டு. நாளைக்கும் அதே. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். கீரை ஆயும்போது கையால் பேச முடியாது. இருவருமே பேசவில்லை. நன்றாக இருந்தது.

டிசம்பர் 2, செவ்வாய், கடலூர்

ரவூஃப் சார் பேசினார். செல்வியை நிறுத்திவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து நான் மறுபடி வர வேண்டுமாம். இனி எந்தப் பொம்மை வந்தாலும் காது கேளாத இரண்டு பேர் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் ஒளிபரப்பு. அது என் நிபந்தனை. ஒப்புக்கொண்டார். இந்தத் தடவை காகிதத்தை முழுசாகப் படிப்பேன் என்றேன். சிரித்தார்.

நாளை மாற்றுத்திறனாளிகள் தினம். புயல் பாதித்த ஊரிலிருந்தே நேரலை வேண்டுமாம். சங்கத் தலைவர் பேட்டி, இரண்டு நிமிஷம். அப்பா சைகையில் சொல்ல, நான் குரல் கொடுக்க வேண்டும். படத்தில் நான் வர மாட்டேன். குரல் மட்டும்.

சங்கத் தலைவர் இப்போதே இரண்டு சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறார்.

டிசம்பர் 3, புதன், கடலூர்

அம்மா எடுத்துவைத்த வெள்ளைச் சட்டையை அப்பா போட்டுக்கொள்ளவில்லை. கட்டம்போட்ட சட்டை. அதில் ஒரு பொத்தான் இல்லை. நேரலை தொடங்கும்வரை இருவரும் அதைப் பற்றித்தான் சண்டை போட்டார்கள். கேமராக்காரர், "அம்மா ஐயாவ வாழ்த்தறாங்க போல" என்றார். நான் மறுக்கவில்லை.

சங்கக் கட்டடத்து வாசலில் அப்பா. கேமராவுக்கு இந்தப் பக்கம், மைக்கோடு நான். அப்பா முழுத் திரையில் நின்றார், மூலைக் கட்டத்தில் இல்லை.

சென்னை ஸ்டுடியோவிலிருந்து செய்தி வாசிப்பவர் கேட்டார்: "ஐயா, ஒரு செய்தி தப்பாக வந்து சேர்ந்தால் உங்களைப் போன்றவர்களுக்கு என்ன ஆகும்?"

அதைக் கையால் சொன்னேன். அப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு என் பக்கம் பார்க்காமல், நேராகக் கேமராவைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. அவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும்.

"எனக்கு ஒரு மகள்" என்றேன். "அவளுக்கு அப்ப ஒம்பது வயசு. நான் ஒரு அச்சகத்துல பைண்டிங் வேலை. ஒரு நாள் மொதலாளி அவளக் கூப்பிட்டு, அப்பாவ நாளையிலேருந்து வர வேண்டாம்னு சொல்லுன்னாரு. பாவம், கொழந்த. எங்கிட்ட வந்து, நாளைக்கு லீவுன்னு மட்டும் சொன்னா."

இதை நான் இந்த நோட்டில்கூட எழுதவில்லை. யாரிடமும் சொன்னதில்லை. சித்திரை, தை, தீபாவளி என்று ஒவ்வொரு தடவையும் இந்த ஊருக்குப் பஸ் ஏறும்போது அந்த அச்சகத்து வாசல்தான் முதலில் ஞாபகம் வரும். அப்பா சிரித்துக்கொண்டே, சரி லீவு என்று தலையாட்டியதும்.

அப்பாவின் கை நிற்கவில்லை. நானும் நிற்க முடியாது.

"எனக்கு அப்பவே தெரியும். அவ கை லீவுன்னு சொல்லுது, மொகம் வேற சொல்லுது. மறுநாள் வீட்டுல இருந்தேன். அதுக்கு மறுநாள் சோத்துத் தூக்க எடுத்துக்கிட்டு வேலைக்குப் போற மாதிரி கெளம்பினேன். கெடிலம் ஆத்துப் பாலத்துக்குக் கீழ உக்காந்துட்டு, சாயங்காலம் வந்தேன். பன்னண்டு நாள். பதிமூணாவது நாள் வேற அச்சகத்துல வேலை கெடச்சுது. அவ சொன்னது பொய்யாயிடக் கூடாது இல்ல?"

பாலமும் பன்னிரண்டு நாளும் எனக்கு இன்றுதான் தெரியும். என் குரலில்தான் முதல்முறையாகக் கேட்டேன். குரல் கொஞ்சம் கரகரத்தது. தூசி நிறைய இருந்தது. இல்லை, தூசி இல்லை. அழுதேன்.

அப்பா இப்போது என்னைப் பார்த்தார். "அதனால செய்தி தப்பா வந்தாலும் பரவாயில்ல, கொண்டுவர்றவங்களுக்கு ஒரு மொகம் இருக்கணும்" என்றார், என் குரலில். உடனே கையை உதறிக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். எழுத்துப் பட்டை. ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பரைக் கத்திக் கூப்பிடுவது. ரேஷன் வரிசை.

காதில் மாட்டியிருந்த கருவியில் ரவூஃப் சார் வந்தார். "சாரு, ரெண்டு நிமிஷம் குடுத்தேன், ஆறு நிமிஷம் ஆச்சு. விளம்பரத்துக்குப் போகணும். அப்பாவ நிறுத்தச் சொல்லுங்க."

மைக்கைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"அவருக்குக் காது கேக்காது சார்" என்றேன்.

கையை எடுத்தேன். அதற்குள் அப்பா பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டிருந்தார். "எந்த பஸ் எங்க நிக்குதுன்னு ஊர் ஊருக்கு மைக்குலயே சொல்றாங்களே, அது யாருக்கு?" என்றேன் நான்.